தங்க இறகும் ஓர் உருளைக்கிழங்கும்

லீட்ஸ் நகரத்துப் பிரிகேட் கடைத்தெருவில் செத்தவர்கள் பேச ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கடை திறக்கும் நேரத்தில் பேசத் தொடங்கி, கடை சாத்தும் நேரத்தில் நிறுத்திக்கொள்வார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு இடைவேளை. மழை வந்தால் மட்டும் கூடாரத்துக்குள் போய்விடுவார்கள். ஆவிகளுக்கும் ஈரம் ஆகாது போலிருக்கிறது.

கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? காலணிக் கடை வாசலில் கிளம்பிய வரிசை, வங்கியைத் தாண்டி, மூலையில் திரும்பி, உருளைக்கிழங்கு வண்டிக்காரர் டெரெக்கின் அடுப்பு வரைக்கும் நீண்டிருந்தது. வரிசையைக் கண்டால் போய் நின்றுவிடுகிற சனம் இது. எதற்கு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முன்னால் நிற்பவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. ஆனால் இடத்தை மட்டும் விடமாட்டார்.

வரிசையின் தலைமாட்டில் ஒரு மேசை. மேசைமேல் வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் தங்க நிறத்தில், காகிதத்தைவிட மெல்லிசாகச் சில இறகுகள். மேசைக்குப் பின்னால் கழுத்தில் வெள்ளைத் துண்டு சுற்றிய கிறிஸ்பின். 'அன்பின் இறகு அறக்கட்டளை'யின் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆவிகளின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர். இறகு ஒரு மலையுச்சியில் வானத்திலிருந்து உதிர்ந்ததாம். எந்த மலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். ஆளுக்கொரு மலை சொன்னார்.

வேப்பிலையும் உடுக்கையும் இருந்தால்தான் மூடநம்பிக்கை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே பூசாரி நன்றாகச் சவரம் செய்துகொண்டு, கையில் அட்டையும் பேனாவும் வைத்திருப்பார். உண்டியல் குலுக்கமாட்டார். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானே எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்முறை சுலபம். கையை நீட்ட வேண்டும். கிறிஸ்பின் சின்ன இடுக்கியால் ஓர் இறகை எடுத்து உள்ளங்கையில் வைப்பார். நுனி தூக்கினால், போனவர் பேசுகிறார். புரண்டால், அழுகிறார். முழுசாகச் சுருண்டால், கேட்டதற்குச் சம்மதம் என்கிறார். கேட்பதையும் கிறிஸ்பினே கேட்டுவிடுவார். பாவம், சனங்களுக்கு எதற்குச் சிரமம்?

மேசைக்கு ஆள் பிடித்து அனுப்ப, தெரு முழுக்க ஊதாச் சட்டைப் பிள்ளைகள். அவர்களிடம் சிக்காமல் பிரிகேட்டைக் கடப்பது ஒரு கலை. அந்தக் கலை லொரெய்னுக்குக் கைவரவே இல்லை.

இத்தனைக்கும் லொரெய்ன் லேசுப்பட்டவள் அல்ல. கார் ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். அவளால் தோற்கடிக்கப்பட்டவர்கள் இன்றைக்கும் ஊரில் பஸ்ஸில்தான் போகிறார்கள். முகத்தைப் பார்த்து "நீங்க தேறலை" என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள். ஆனால் தெருவில் ஒரு பையன் சிரித்துக்கொண்டு வழியை மறித்தால், அவ்வளவுதான், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அம்மா! தொப்பி பிரமாதம்! ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு அன்பு பிடிக்குமா?"

பிடிக்காது என்று எவள் சொல்வாள்?

"பிடிக்கும்தான்... மன்னிக்கணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எந்த பஸ்ஸு? நானும் கூட வரேனே!" என்று பையன் அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருவான்.

ஒருமுறை வேறோர் அறக்கட்டளையின் பிள்ளையிடமிருந்து தப்பிக்க, போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடோ பேசுவதுபோல நடந்தாள். காதில் இருந்த போன் கணீரென்று மணி அடித்தது. "எடுங்கம்மா, யாரோ கூப்பிடறாங்க" என்றான் அந்தப் பிள்ளை, மரியாதையாக. அந்த வெட்கத்திலேயே ஒரு திமிங்கிலத்தைக் காப்பாற்ற மாதாமாதம் பணம் தருவதாகக் கையெழுத்துப் போட்டாள். ஏற்கனவே அவள் வங்கிக் கணக்கில் இப்படி ஒரு கலங்கரை விளக்கமும், வயிற்றுக் கோளாறுள்ள ஒரு கழுதையும் வாழ்ந்துகொண்டிருந்தன.

அதற்குமேல் அவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. தம்பி மனைவி பெவர்லி அன்று தேநீருக்குக் கூப்பிடும்வரை.

"கீத் பேசினாரு, லொரெய்ன்."

லொரெய்ன் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

"எந்தக் கீத்து?"

"எந்தக் கீத்தா? உன் தம்பி கீத்து! என் புருஷன்!"

"செத்துப்போனானே, அந்தக் கீத்தா?"

"போன செவ்வாக்கிழமைலேர்ந்து தினமும் பேசறாரு. என்னை நினைச்சு உருகறாராம். கட்டிப்பிடிச்சுக்கறாராம்."

"அடியே பெவ், உசிரோட இருந்தப்ப உப்பை இந்தப் பக்கம் தள்ளுன்னு சொல்லவே அவன் அரை நாள் யோசிப்பான். செத்ததும் இவ்வளவு பேச்சு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அங்க போனா எல்லாரும் மாறிடுவாங்களாம். கிறிஸ்பின் சொன்னாரு."

பெவர்லியின் முகத்தில் பல மாதங்களாகக் காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் இருந்தது. லொரெய்னுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வார்த்தை வந்ததும் சந்தோஷம் போய்விட்டது.

"வீட்டை அவங்க பேருக்கு எழுதிக் குடுக்கச் சொல்றாரு. அன்பு இல்லமா மாத்தணுமாம். சனிக்கிழமை மத்தியானம் கையெழுத்து."

"யாரு சொன்னது?"

"கீத்துதான். இறகு முழுசாச் சுருண்டுச்சே!"

"கேள்வி கேட்டது யாரு?"

"கிறிஸ்பின்."

"சுருண்டா சம்மதம்னு அர்த்தம் சொன்னது?"

"கிறிஸ்பின்."

"வீடு யாருக்குப் போகுது?"

பெவர்லி கோப்பையைச் சத்தமாக வைத்தாள். "நீ எல்லாத்தையும் தேர்வு வைக்கிற மாதிரியே பாக்கற, லொரெய்ன்."

"சரிடி. நீ எங்க இருப்ப?"

"மாடியில ஒரு ரூம் குடுப்பாங்களாம். அப்புறம் பாத்துக்கலாம்னாங்க."

அந்த வீட்டின் சுவர் ஒவ்வொன்றையும் பூசியவன் கீத். பூச்சு வேலைதான் அவன் தொழில். பேச்சில் காட்டாத அன்பையெல்லாம் சுவரில் காட்டியவன். அந்தச் சுவர்களுக்கு நடுவிலிருந்து பெவர்லியைக் கிளப்பி, 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நடுத்தெருவில் நிறுத்தப்போகிறான் ஒருவன். அதுவும் கீத்தின் பெயரைச் சொல்லியே.

மறுநாள் லொரெய்ன் பிரிகேட்டுக்குப் போய், புத்தகக் கடை வாசலில் மறைந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

ஒரு கிழவர் கையை நீட்டினார். இறகு அசையவில்லை. "உள்ளத்துல அடைப்பு இருக்கு" என்று கிறிஸ்பின் வருத்தமாகத் தலையாட்டினார். உடனே ஊதாச் சட்டைப் பெண்ணொருத்தி ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தாள். "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குங்க. இதயம் திறக்கட்டும்." கிழவர் பிடித்தார், குடித்தார். மறுபடி வைத்தார்கள். இறகு நெளிந்தது, புரண்டது, சுருண்டது. கிழவர் கண்ணீர் விட்டார், கையெழுத்தும் போட்டார்.

அன்பு தேநீரில் வேலை செய்கிறதா? லொரெய்ன் புருவத்தைச் சுருக்கினாள். அந்த நெளிசல், அந்தப் புரளல், எங்கேயோ பார்த்தது. எங்கே?

போன கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில்! ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்து வெடிக்கிற காகிதப் பட்டாசு. அதற்குள் வழக்கம்போலத் தலைக்கொரு காகித மகுடம், சிரிப்பே வராத ஒரு ஜோக். கீத்தின் பட்டாசுக்குள் மட்டும் சிவப்புக் கண்ணாடித்தாளில் வெட்டிய ஒரு மீன். உள்ளங்கையில் வைத்தால் நெளியும். நெளிகிற விதத்துக்கு ஒரு பலன் சீட்டில் எழுதியிருக்கும். பெவர்லி கையில் மீன் ஆட்டமாய் ஆடியது. சிமெண்டும் சுண்ணாம்பும் பட்டுக் காய்ந்துபோன கீத்தின் கையில் அசையாமல் கிடந்தது. அசையாவிட்டால் என்ன பலன்? சீட்டைப் பார்த்தார்கள். 'செத்த ஆள்.' மேசையே விழுந்து விழுந்து சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் கீத்.

லொரெய்ன் ஓட்டமும் நடையுமாகப் பெவர்லி வீட்டுக்குப் போனாள்.

"பெவ்! அது பட்டாசு மீனுடி! அதையே தங்கக் கலர்ல இறகு மாதிரி வெட்டியிருக்கான்! கை ஈரம் பட்டா சுருளும், அவ்வளவுதான்!"

"மீனு சிவப்பு. இது தங்கம்."

"கலர்தான் வேற! போன கிறிஸ்துமஸுக்கு நம்ம மேசையில பாத்தோமே, மறந்துட்டியா?"

பெவர்லி ஒரு கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு அந்த மீனு கீத்தைச் செத்த ஆளுன்னு சொல்லிச்சுல்ல?"

"ஆமா."

"சொன்ன மாதிரியே ஆச்சே!"

லொரெய்ன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நம்புவது என்று முடிவு கட்டிவிட்டவர்களிடம் எதிர்ச்சாட்சியைக் கொண்டுபோனால், அது அவர்கள் வீட்டிலேயே தங்கி அவர்கள் பக்கமே சாட்சி சொல்லிவிடும்.

சனிக்கிழமை பல் கிட்டுகிற குளிர். லொரெய்ன் வந்து இறங்கியபோது வரிசை டெரெக்கின் வண்டியையும் தாண்டிப் போயிருந்தது. தூரத்தில் மேசைக்குப் பக்கத்தில், நல்ல நாளுக்கு உடுத்தும் நீலக் கோட்டுடன் பெவர்லி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் பத்திரம். சாட்சிக் கையெழுத்துக்குத் தயாராக ஊதாச் சட்டைகள் இரண்டு.

லொரெய்ன் வரிசையின் வாலில் நின்றாள். வேறெப்படி நிற்பது? வரிசையைத் தாண்டுவது இந்த ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். நின்ற இடத்திலிருந்தே தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தெருவில் கத்தினாள்.

"இது மோசடி! உங்களை எல்லாம் ஏமாத்தறாங்க!"

நூறு பேரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போலருக்கு" என்றார். நாலு பேர் நடுவில் சத்தம் போடுகிறவளைப் பார்த்துக் கூச்சப்படுவார்களே தவிர, சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். நாகரிகமான ஊர்!

"என்ன கண்ணு, வெளிறிப்போய் நிக்கற?" என்றார் பக்கத்து வண்டியிலிருந்து டெரெக். "இந்தா, கையையாவது சூடா வச்சுக்க." அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த, வாய் பிளந்த உருளைக்கிழங்கு ஒன்றைப் பெட்டியோடு அவள் கையில் வைத்தார்.

அங்கே பெவர்லி பேனாவை எடுத்தாள்.

லொரெய்ன் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, நேராக மேசையைப் பார்த்து நடந்தாள்.

அவ்வளவுதான்! மோசடி என்று கேட்டபோது அசையாத சனம் எரிமலையானது.

"ஏங்க! வரிசை இருக்குல்ல!"

"நாங்கல்லாம் என்ன முட்டாளா?"

"அந்தாளு உங்க பணத்தைத் திருடறான்யா!" என்று லொரெய்ன் நடந்துகொண்டே கத்தினாள்.

"அதெல்லாம் அப்புறம்! முதல்ல பின்னாடி போய் நில்லுங்க!"

நீதி கேட்டு ஊரே அவள் பின்னால் வந்தது. அதுவரை ஒற்றை ஒற்றையாக நின்றவர்கள் மேசையைச் சுற்றி வளையமாகக் கூடிவிட்டார்கள். ஒரு சோதனைக்கு இதைவிட நல்ல சபை கிடைக்குமா?

கிறிஸ்பின் சிரித்தார். தேன் ஒழுகும் சிரிப்பு. "விடுங்க, விடுங்க. துக்கத்துக்கு வரிசை தெரியாது. வாங்கம்மா, கையைக் குடுங்க."

லொரெய்ன் கையை நீட்டினாள். கம்பளிக் கையுறையோடு.

"கையுறையைக் கழட்டணும்மா."

"ஏன்? சாவையே தாண்டி வர்ற அன்பு, கம்பளியைத் தாண்டாதா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "வச்சுத்தான் பாருங்களேன்" என்றது ஒரு குரல். கிறிஸ்பினுக்கு வேறு வழியில்லை. வைத்தார். இறகு குப்புறக் கிடந்தது. மூச்சுப் பேச்சில்லை.

"பாத்தீங்களா? கம்பளி ஆட்டோடது. அந்த ஆட்டோட நினைவெல்லாம் குறுக்க வருது" என்றார் கிறிஸ்பின், கொஞ்சமும் அசராமல். ஒன்றிரண்டு தலைகள் 'அதானே' என்று ஆடவும் செய்தன!

"அப்படியா? உருளைக்கிழங்குக்கு நினைவு உண்டா?"

"என்னது?"

"உருளைக்கிழங்கு. அதுக்கு மனசு, நினைவு, செத்துப்போன சொந்தக்காரங்க, ஏதாவது உண்டா?"

"கிழங்குக்கு ஏதும்மா மனசு?" என்று கிறிஸ்பின் கூட்டத்தைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள் லொரெய்ன். கையிலிருந்த கிழங்குப் பெட்டியைத் திறந்தாள். கிழங்கின் பிளவிலிருந்து ஆவி குப்பென்று கிளம்பியது. கையுறையில் கிடந்த இறகை அப்படியே அதன்மேல் கவிழ்த்தாள்.

இறகு துள்ளியது! நுனி தூக்கியது, வால் தூக்கியது, இந்தப் பக்கம் புரண்டது, அந்தப் பக்கம் புரண்டது. அந்த ஒரு மாதத்தில் எந்த விதவையின் கையிலும், எந்தத் தாயின் கையிலும் அது இப்படி ஆடியதில்லை. லீட்ஸ் மாநகரத்திலேயே கருணை மிகுந்த இதயம் அந்தக் கிழங்குக்குத்தான்.

"நுனி தூக்குது! பேசுதுடோய்!" என்றான் ஒருவன்.

"புரளுது! அழுவுது!"

லொரெய்ன் கிழங்கை உயர்த்திப் பிடித்தாள். "கிழங்கே, உண்மையைச் சொல்லு. இந்தாளு திருடனா?"

இறகு முழுசாகச் சுருண்டது.

"சம்மதம்!" என்று கூட்டம் ஒரே குரலில் மொழிபெயர்த்தது. ஒரு மாதப் பயிற்சி வீண்போகவில்லை.

கிறிஸ்பினின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்தது. "இதை விளைவிச்ச விவசாயி... அவர் குடும்பத்துல யாராவது தவறியிருக்கலாம்..."

"ஏன்யா, எவனையோ எதுக்குச் சாகடிக்கற?" என்று பின்னாலிருந்து டெரெக் கத்தினார். "சூடா எதுல வச்சாலும் ஆடும்யா அது! வேணும்னா அடுத்த கிழங்கு தரேன்!"

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயய்யோ, இது கிறிஸ்துமஸ் பட்டாசு மீனு! எங்க வீட்டுல வருஷா வருஷம் வருமே!"

யார் வீட்டில்தான் வராது? அங்கே நின்ற அத்தனை பேரும் அந்த மீனைக் கையில் வைத்துச் சிரித்தவர்கள்தான். தலையில் காகித மகுடத்தோடு வீட்டு மேசையில் பார்த்தபோது அது விளையாட்டு. வெள்ளைத் துண்டு போட்டவன் தெருவில் காட்டினால் தெய்வம்! சிரிப்பு மெதுவாகக் கிளம்பி, பிறகு நின்றது. ஏனென்றால் பெவர்லி எழுந்திருந்தாள்.

அவள் யாரிடமும் கேட்காமல் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஓர் இறகை எடுத்தாள். கையெழுத்துக்குக் காத்திருந்த பத்திரத்தின்மேல் அதை வைத்தாள். "கீத், வீட்டைக் குடுத்துடட்டுமா?"

காய்ந்த காகிதத்தில் இறகு கிடந்தது கிடந்தபடி கிடந்தது.

அதையே எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வாயே திறக்கவில்லை. இறகு நெளிந்து, புரண்டு, முழுசாகச் சுருண்டது. கேட்காத கேள்விக்குச் சம்மதம்.

"இத்தனை நாளா," என்றாள் பெவர்லி, குரல் உடைய, "என் கை வேர்வைகிட்டயா பேசிட்டிருந்தேன்?"

லொரெய்ன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை முட்டியது. தம்பி இல்லாத வீடு அவளுக்கும்தான் வெறிச்சென்று இருந்தது.

"கீத் இருந்திருந்தா என்னடி சொல்லியிருப்பான்?"

"ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டாரு" என்றாள் பெவர்லி. சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். பிறகு பத்திரத்தை நாலாகக் கிழித்து, கிறிஸ்பினின் வெல்வெட் பெட்டிக்குள் போட்டாள்.

கிறிஸ்பின் நைசாகப் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். ஊதாச் சட்டைகள் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு சந்துக்குள் மறைந்திருந்தன. ஆனால் கிறிஸ்பினால் நகர முடியவில்லை. யாரும் அவர் சட்டையைப் பிடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மேசைக்கு முன்னால் மறுபடியும் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். இந்தத் தடவை கொடுத்ததைத் திரும்ப வாங்க. "அவசரமில்லைங்க, நாங்க நிக்கறோம்" என்றார் முதலில் நின்றவர், மிக மரியாதையாக. போலீஸ்காரர் வந்து சேரும்வரைக்கும் நின்றார்கள். நிற்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்தச் சந்தடியில், நன்றாக உடுத்திய, படித்தவராகத் தெரிந்த ஒரு மனிதர் மெல்ல லொரெய்ன் பக்கம் நகர்ந்து வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிக்கணும்... அந்தக் கிழங்கு... திருடனான்னு நீங்க கேட்டதுக்குச் சரியாத்தானே சொல்லிச்சு? எங்க அம்மாவைப் பத்தி ஒண்ணே ஒண்ணு கேக்கணும்..."

அவருக்குப் பின்னால் அதற்குள் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள்.

லொரெய்ன் வாயைத் திறப்பதற்குள் பெவர்லி கிழங்கை அவளிடமிருந்து வாங்கினாள். மேலே ஒட்டியிருந்த தங்க இறகைச் சுரண்டி எறிந்துவிட்டு, பெட்டியோடு அந்த மனிதர் கையில் வைத்தாள்.

"இது கிழங்கு, சார். வெண்ணெய் போட்டுச் சாப்பிடுங்க. கேள்வி கேக்கணும்னா கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதைக் கேளுங்க. அதைக் கேக்காம விட்டதாலதான் நான் இன்னிக்கு வீட்டைத் தூக்கிக் குடுக்க வந்தேன்."